சுவரின் குறையும் கொத்தனாரின் குறையும்

வீடு கட்டுவோர் பெரும்பாலும் கடைசியாக மேற்கொள்ளும் வேலை, தோட்டத்தைச் சுற்றிச் செங்கல் மதில் எழுப்புவதேயாகும். அதற்குள் கையிருப்பும் கரைந்திருக்கும், பொறுமையும் குறைந்திருக்கும். 'மதில்தானே' என்ற எண்ணத்தில் மேற்பார்வையும் தளர்ந்துவிடும். வேலை முடிந்தபின் உரிமையாளர் குறை கூறுவார். கொத்தனார் கல்லைக் காட்டுவார். ஒப்பந்தக்காரர் இருவரையும் காட்டுவார். நியாயம் யார் பக்கம் என்று உரைக்க ஆளின்றிப் பூச்சு ஒன்று பூசப்பட்டு, வழக்கு மூடப்படும். பூச்சு வழக்கை மூடுமேயன்றிக் குறையை நீக்காது.

ஒப்பந்தப் பத்திரங்களில் 'தொழில்முறைக்கு உகந்தவாறு' என்று ஒரு தொடர் தவறாமல் இடம்பெறும். அதை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்ப்பது எளிது. ஒரு சுவரின்முன் நின்று அதன் பொருளைச் சுட்டிக்காட்டுவது அரிது. எனினும் அது முற்றிலும் அபிப்பிராயத்தைப் பொறுத்த விஷயமன்று. ஒரு தூக்குக்குண்டு, ஒரு கயிறு, நேரான ஒரு மரக்கோல், ஓர் ஆணி, ஒரு வாளித் தண்ணீர் ஆகிய இவ்வளவும் இருந்தால் பொறியியல் பயிலாதவர்களும் ஒரு மதிலைப் பற்றி நேர்மையான முடிவுக்கு வரலாம். அதற்கான வழியை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். சுவரின் குறைகள் மூன்று வகைப்படும். கண்ணுக்கு உறுத்தும் குறைகள் ஒரு வகை. சுவரின் ஆயுளைக் குறைப்பவை மற்றொரு வகை. சுவரையே வீழ்த்தக் கூடியவை மூன்றாம் வகை. நம்மில் பெரும்பாலோர் முதல் வகையை மட்டுமே காண்கிறோம். கல்லின்மேல் வழிந்து காய்ந்த சாந்தைக் கண்டு சினம் கொள்கிறோம். சுவரின் உட்புறம் வெற்றிடமாக இருப்பதை அறியாமல் விடுகிறோம். ஆகவே ஆய்வு கடைசி வகையிலிருந்து தொடங்கி முதல் வகையில் முடிய வேண்டும்.

வீட்டுச் சுவரைக் காட்டிலும் மதிற்சுவர் கடினமான வாழ்க்கை வாழ்கிறது. வீட்டுச் சுவரை மேலே கூரையும், பக்கங்களில் குறுக்குச் சுவர்களும் பிடித்துக்கொள்கின்றன. மதிலுக்கு அத்தகைய துணை இல்லை. அது தன் எடையாலும் அடித்தளத்தாலும் மட்டுமே நிற்கிறது. காற்று அதைப் புரட்டப் பார்க்கிறது. சுவரின் உயரத்தை இரு மடங்காக்கினால், புரட்டும் வன்மை நான்கு மடங்காகிறது. அதை எதிர்த்து நிற்கும் எடையோ இரு மடங்கே ஆகிறது. அன்றியும் சுவரின் கனத்தைப் பாதியாக்கினால், எதிர்க்கும் வலிமை காற்பங்காகச் சுருங்கிவிடுகிறது. செங்கல் சேமிப்பதற்காக ஒன்பது அங்குலச் சுவரை நாலரை அங்குலமாக்குவோர் இக்கணக்கை நினைவிற்கொள்வது நலம்.

செங்கற் சுவர்களுக்கான இந்தியத் தர நூலாகிய ஐ.எஸ். 1905, தனித்து நிற்கும் சுவரின் உயரம் அதன் கனத்தைப்போல் எத்தனை மடங்கு இருக்கலாம் என்று வரையறுக்கிறது. காற்றழுத்தம் மிகக் குறைந்த இடங்களில் 10 மடங்கு. அழுத்தம் கூடக்கூட அது 7, 5, 4 எனக் குறைகிறது. இதன்படி 23 சென்டிமீட்டர் கனமுள்ள சுவர், காற்றுக் குறைந்த இடத்தில் 2.3 மீட்டர் வரை உயரலாம்; அடுத்த நிலையில் ஏறத்தாழ 1.6 மீட்டரே உயரலாம். 11 சென்டிமீட்டர்ச் சுவரோ, காற்றே குறைந்த இடத்திலும் இடுப்பளவுக்குச் சற்று மேல் போகலாகாது. இடையிடையே தூண் வைத்துக் கட்டினால் நிலைமை சீர்ப்படும். ஆகவே மதிலின்முன் நின்றதும் முதலில் அளக்க வேண்டியவை உயரமும் கனமும் ஆகும். இங்கே பிழை இருந்தால் அது கொத்தனாரின் கைப்பிழை அன்று, திட்டமிட்டவரின் பிழை.

இதனுடன் மண்ணின் சுமையையும் பார்க்க வேண்டும். தோட்டச் சுவர் என்பது எல்லைச் சுவர். மண்ணைத் தாங்கும் அணைச்சுவர் அன்று. ஒரு புறம் மண் கொட்டித் தோட்டத்தை உயர்த்திவிட்டால், மழைக்காலத்தில் நனைந்த மண்ணும் அதில் தேங்கிய நீரும் சேர்ந்து சுவரைத் தள்ளும். நீர் வெளியேறத் துளைகள் இல்லாவிட்டால் ஆபத்து பன்மடங்காகும். 2019 ஜூன் இறுதியில் புனே நகரின் கோண்ட்வா பகுதியில் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, அதனருகே குடிசைகளில் உறங்கிய கட்டடத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 15 பேர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் ஒரு மதில் வீடுகளின்மேல் வீழ்ந்து 17 பேர் உயிரிழந்தனர். சுவர் யாருடையதோ அவர்மேல் அது வீழ்வதில்லை. பெரும்பாலும் அப்பால் இருப்பவர்மேல்தான் வீழ்கிறது. சுவரின் தரத்தை ஆராய்வது நம் பணத்துக்காக மட்டுமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அடுத்து, சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று காண வேண்டும். சுவரின் தலையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, மேலும் கீழும் கயிற்றுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் சாய்வு தெரிந்துவிடும். செங்கல் கட்டு வேலைக்கான இந்திய விதிநூலாகிய ஐ.எஸ். 2212, 1962இல் வெளியாகி 1991இல் திருத்தப்பட்டது. 3 மீட்டர் உயரத்துக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் சாய்வு கூடாது என்பது அதன் வரம்பு. நெஞ்சளவு மதிலில் இது 3 மில்லிமீட்டர் அளவே ஆகும். வரம்பைச் சற்றுத் தாண்டிய சாய்வு உடனே ஆபத்தன்று. ஆனால் அச்சாய்வு கட்டும்போதே நேர்ந்ததா, கட்டியபின் நேர்ந்ததா என்பதே முக்கியமான வினா. கட்டும்போதே சாய்ந்திருந்தால் சந்துகள் முழுமையாக இருக்கும், விரிசல் இராது. கட்டியபின் சாய்ந்திருந்தால் அடி வரிகளில் ஒரு புறம் வாய் திறந்த விரிசல் தென்படும். ஐயம் எழுந்தால், விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தினால் இருமுனையும் ஒட்டித் தேதி எழுதி வைக்கலாம். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். நகரும் சுவருக்கு வேண்டியது பூச்சன்று; அடித்தளத்தை அறிந்த பொறியாளர்.

வரிகளின் மட்டத்தையும் இவ்வாறே அறியலாம். சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே வரியின்மேல் கயிற்றை இழுத்துப் பிடித்து, ரசமட்டத்தாலோ நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயாலோ சரிபார்க்க வேண்டும். 12 மீட்டர் நீளத்துக்குள் 6 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு வரை அதே விதிநூல் பொறுத்துக்கொள்கிறது. சந்தின் கனம் பொதுவாக 10 மில்லிமீட்டர்; அதில் ஐந்திலொரு பங்கு கூடலாம், குறையலாம். ஆனால் இங்கே நேர்மை வேண்டும். வட இந்தியச் சூளைகளில் கையால் அறுத்துச் சுட்ட செங்கற்கள் ஒன்றுக்கொன்று அளவில் ஒத்திருப்பதில்லை. கல்லின் கோணலை ஏற்றுச் சமன்செய்வது சந்துதான். கோணற் கற்களை வாங்கித் தந்துவிட்டு, சந்து ஒரே அளவாக இல்லை என்று கொத்தனாரைக் குறை கூறுவது முறையாகாது.

இனி, கட்டின் அமைப்பு. இதுவே கொத்தனாரின் கல்வி வெளிப்படும் இடம். ஒரு வரியின் நிலைச்சந்து அடுத்த வரியின் நிலைச்சந்துக்கு நேர்மேலே அமையக்கூடாது. அமைந்தால் அவ்விடம் பிளவுக்கு வழி வகுத்ததாகும். ஒன்பது அங்குலச் சுவரில் நெடுக்காக இரு கற்கள் அருகருகே ஓடுகின்றன. அவ்விரண்டையும் பிணைப்பவை குறுக்கே வைக்கப்படும் கற்கள். ஒரு வரி நெடுக்கு, ஒரு வரி குறுக்கு என மாறிமாறி வைப்பதை ஆங்கிலக் கட்டு என்கிறோம். பெயர் ஆங்கிலமாயினும் முறை மிகப் பழையது. ஹரப்பா நாகரிகத்தார் 1:2:4 என்ற விகிதத்தில் செங்கல் அறுத்து, இதே முறையில் சுவர் எழுப்பியிருக்கின்றனர். சுவரின் முகத்தில் குறுக்குக்கல்லின் சிறிய முனைகள் எங்கும் தென்படாமல் நெடுங்கற்களே தென்பட்டால், அது ஒரு சுவரன்று. ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் இரண்டு மெல்லிய சுவர்கள். அரைக்கல்லை வைத்து வெளித்தோற்றத்துக்குக் குறுக்குக்கல் போலக் காட்டும் தந்திரமும் உண்டு. சுவரின் இருபுறமும் அளந்து, ஒரே இடத்தில் முனை தென்படுகிறதா என்று பார்த்தால் ஐயம் ஓரளவு தீரும். மூலையிலும் தூணிலும் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பின்னர் இணைப்பதற்காக விட்ட இடத்தில், படிப்படியாகச் சரித்து விட்டிருப்பதே முறை. பல் பல்லாக விட்டுப் பிறகு செருகிய இணைப்பு உறுதியாக அமைவதில்லை.

கட்டுக்கு அடுத்தது சாந்து. செங்கல்லின் ஒரு முகத்தில் ஒரு குழி இருக்கும். அக்குழி மேல்நோக்கி இருக்கக் கல்லை வைத்தால் சாந்து அதில் நிறைந்து கல்லைப் பற்றிக்கொள்ளும். கவிழ்த்து வைத்தால் உள்ளே காற்று மட்டும் தங்கும். அவசரக்காரர் சந்தின் வெளிவிளிம்பில் மட்டும் கரணையால் சாந்தை வழித்துவிட்டு, உட்புறத்தை வெறுமையாக விடுவதும் உண்டு. வெளியே அழகாகத் தோன்றும் சந்தில் மெல்லிய கம்பியைச் செலுத்தினால் அது தடையின்றி உள்ளே போகும். அல்லது கல்லைத் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும். மேல்வரியில் ஒரு கல்லை எடுத்துப் பார்ப்பதே உறுதியான சோதனை. கல்லின் முகம் முழுவதும் சாந்து ஒட்டியிருந்தால் வேலை நன்று. கல் தூசுபடிந்து வெறுமையாக வந்தால் நனைக்காமல் வைத்தனர் என்பது தெளிவு. உலர்ந்த கல் சாந்திலுள்ள நீரை உறிஞ்சிவிடுகிறது. நீரிழந்த சிமெண்டு இறுகுவதில்லை.

கட்டி நான்கு வாரங்கள் சென்றபின் சந்தை ஆணியால் கீறிப் பார்க்கலாம். மெல்லிய கோடு மட்டும் விழுந்தால் போதுமானது. மாவாக உதிர்ந்தால் சாந்து கெட்டது. கெட்டதற்குக் காரணம் பலவாகலாம். சிமெண்டு குறைந்திருக்கலாம், மணலில் களிமண் கலந்திருக்கலாம், நீர் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேலான சாந்தை மீண்டும் நீர்விட்டுக் குழைத்திருக்கலாம், கட்டியபின் ஏழு நாட்களேனும் தண்ணீர் காட்டாமல் விட்டிருக்கலாம். தில்லியில் மே, ஜூன் மாதங்களில் 'லூ' என்னும் வெங்காற்று வீசும்போது, காலையில் நனைத்த சுவர் நண்பகலுக்குள் காய்ந்துவிடுகிறது. அப்பருவத்தில் ஈரச்சாக்கு போர்த்தாத சுவர் வலிமை பெறுவது கடினம். பல வீடுகளில் தண்ணீர் காட்டும் பொறுப்பை உரிமையாளரே ஏற்றுக்கொள்கிறார் என்பதையும் இங்கே மறக்கலாகாது. சிமெண்டை அள்ளிக் கொட்டுவதும் நன்மை பயக்காது. ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்பது பொதுவான அளவு. அதைவிட மிகக் கடினமான சாந்து சுருங்கி வெடிக்கும். சாந்து கல்லைவிடச் சற்று மெலிந்ததாக இருப்பதே நலம். வெடிப்பு நேர்ந்தாலும் கல்லைப் பிளக்காமல் சந்தோடு நின்றுவிடும். சந்தைச் செப்பனிடுவது எளிது.

கல்லைச் சோதிப்பது இன்னும் எளிது. இரு கற்களை மோதினால் மணியோசை போன்ற ஒலி எழ வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழலாகாது. இடுப்புயரத்திலிருந்து மண்தரையில் போட்டால் உடையக்கூடாது. உலர்ந்த கல்லை நிறுத்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் நீரில் மூழ்கவைத்து மீண்டும் நிறுத்தால், எடை ஐந்திலொரு பங்குக்குமேல் கூடியிருக்கக்கூடாது. 3 கிலோ எடையுள்ள கல் 600 கிராமுக்கு மேல் நீர் குடித்தால் அது சாதாரணச் செங்கல்லுக்குரிய ஐ.எஸ். 1077 தர நூலின் வரம்பைக் கடந்ததாகும்.

சுவரில் பூக்கும் வெள்ளை உப்பு, எல்லாக் குறைகளிலும் அதிகமாகத் தவறாகத் தீர்ப்பளிக்கப்படுவது. கல்லிலோ மண்ணிலோ நீரிலோ உள்ள உப்பு, ஈரத்துடன் வெளியேறி முகத்தில் காய்ந்து படிகிறது. உத்தரப்பிரதேசத்தில் 'ரேஹ்' என்றும், பஞ்சாபில் 'கல்லர்' என்றும் வழங்கும் உவர்மண் பகுதிகளில் இது மிகுதி. கட்டிய முதற் பருவத்தில் மெல்லிய வெண்படலம் தோன்றுவது இயல்பு. உலர்ந்த தூரிகையால் துடைத்தால் போதும். நீர்விட்டுக் கழுவினால் உப்பு மீண்டும் கல்லுக்குள் போகும். ஆனால் ஆண்டுதோறும் அடிவரிகளில் உப்புப் பூத்துக் கல் செதில் செதிலாக உதிருமாயின், தரைமட்டத்துக்கு மேல் ஈரம் தடுக்கும் அடுக்கு இல்லை என்று கருதலாம். அவ்வடுக்கு இருந்தும், உரிமையாளர் பூஞ்செடிகளுக்காக மண்ணை அதற்கு மேலே குவித்துவிட்டால் அடுக்கு பயனற்றுப் போகும். மதிலுக்குத் தார்த்தாளை அடுக்காக இடுவதைவிடச் சிமெண்டுக் கான்கிரீட்டை இடுவது சிறந்தது. தாளின்மேல் சுவர் ஒட்டாமல் வழுக்கிச் சாயக்கூடும்.

மதிலின் தலையும் அடிக்குச் சமமாக முக்கியமானது. மேலே மூடுகல்லோ சரிவான கான்கிரீட்டோ இன்றி விட்ட சுவர், மழை நீரைத் தலைவழியே குடிக்கிறது. மூடுகல் இருபுறமும் சற்று நீண்டு, அதன் அடியில் நீர் சொட்டுவதற்கு ஒரு கோடு வெட்டப்பட்டிருக்க வேண்டும். அக்கோடு இல்லாவிட்டால் நீர் சுவர்முகத்தில் வழிந்து கருமை படியும். மதில் நீண்டதாயின் இடையிடையே நகர்வுக்கு இடம் விட்ட பிளவுச் சந்துகளும் வேண்டும். விடாத சுவர் தானே செங்குத்தாகப் பிளந்து இடம் உண்டாக்கிக்கொள்ளும். அருகே வளரும் பெருமரத்தின் வேரும் இவ்வாறே சுவரைப் பிளக்கும். அதற்குக் கொத்தனார் பொறுப்பல்லர்.

தில்லியின் புறநகரில் நமக்கு அறிமுகமான ஒருவரின் அனுபவம் இவற்றுக்கு நல்ல விளக்கமாகும். 18 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள ஒன்பது அங்குல மதிலை எழுப்பினார். வேலை முடிந்ததும், கல்லின்மேல் சாந்துக் கறையும், அடியில் வெள்ளை உப்பும் கண்டு, ராஜமிஸ்திரிக்குச் சேர வேண்டிய கூலியை நிறுத்திவிட்டார். முறைப்படி பார்த்தபோது கறை தூரிகைக்கு அடங்கியது. உப்பு முதற்பருவ உப்பு. சாய்வு வரம்புக்குள் இருந்தது. ஆனால் பின்புறத்தில் கடைசி மூன்றிலொரு பகுதியில் குறுக்குக்கல் முனைகளே தென்படவில்லை. மேல்வரியில் சில கற்களை எடுத்தபோது உள்ளே அரைக்கற்களும் வெற்றிடமும் காணப்பட்டன. விசாரித்ததில், இறுதி வண்டியில் உடைந்த கற்களே வந்தன என்பதும், மாற்றித் தர மறுத்த ஒப்பந்தக்காரர் இரண்டே நாளில் முடிக்குமாறு நெருக்கினார் என்பதும் தெரிந்தன. அப்பகுதி பிரிக்கப்பட்டு, நல்ல கல் கொண்டு மீண்டும் கட்டப்பட்டது. செலவை ஒப்பந்தக்காரர் ஏற்றார். மிஸ்திரிக்கு இரு முறை உழைப்புக்கும் கூலி கிடைத்தது. கறையைப் பற்றி மட்டுமே வழக்காடியிருந்தால், கறை நீங்கியிருக்கும். வெற்றிடம் அப்படியே நின்றிருக்கும்.

இதிலிருந்து பரிகாரங்களின் வரிசையும் விளங்கும். கறைக்குத் தூரிகை போதும். உதிரும் சந்துக்கு, 12 முதல் 15 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டிப் புதுச்சாந்து நிரப்ப வேண்டும். தளர்ந்த தனிக்கல்லுக்கு அக்கல்லை மாற்றுவதே வழி. கட்டு இல்லாத பகுதியையும், சந்து வெறுமையான பகுதியையும், நகரும் பகுதியையும் பிரித்துக் கட்டுவதன்றி வேறு வழியில்லை. பிரிக்கும் வரை அதன் நிழலில் குழந்தைகளை விளையாட விடலாகாது. அப்பால் இருப்போரையும் எச்சரிப்பது கடமை.

எல்லாவற்றினும் மேலான சோதனை, முடிந்தபின் செய்வதன்று, தொடக்கத்தில் செய்வது. முதல் நாளிலேயே ஒரு மீட்டர் நீளத்துக்கு நான்கு வரிகள் கட்டச் சொல்லி, உரிமையாளரும் கொத்தனாரும் சேர்ந்து பார்த்து, 'இதுவே மாதிரி' என்று ஒப்புக்கொண்டால் பின்னர் எழும் சச்சரவுகளில் பெரும்பகுதி எழாது. ஒரு நாளில் ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டச் சொல்லி நெருக்கக்கூடாது. ஈரச்சாந்து மேற்சுமையால் நசுங்கும். கல்லும் மணலும் இறங்கும்போதே சோதித்துத் திருப்பி அனுப்பும் உரிமையைக் கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டும். பிகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து பெருநகரங்களில் சுவர் எழுப்பும் தொழிலாளர் பலர், கெட்ட பொருளை மறுத்தால் மறுநாள் வேலை இராது என்ற நிலையில் உழைப்பவர்கள். அவர்கள் சொல்லத் தயங்குவதை நாம் கேட்டறிவது சுவருக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

குறை கண்டவிடத்து, அது கல்லின் குறையா, சாந்தின் குறையா, கையின் குறையா, அவசரத்தின் குறையா என்று பிரித்தறிந்த பின்னரே கணக்கைத் தீர்க்க வேண்டும். அளவுகோலைக் கொண்டு அளந்தவர் கூறும் குறையைக் கொத்தனாரும் மறுப்பதில்லை. தூக்குக்குண்டு யாருக்கும் வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை.